பச்சைப் பாலும் பனிமனிதனும்: பண்டிகைச் சீரியல் வாங்கிய அம்மாவுக்கு ஓர் உணவியல் ஆலோசகரின் பதில்

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது. சுருக்கம் இது.

அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். நவம்பரில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் தங்குவதற்கு வந்திருக்கிறார்கள். தேங்க்ஸ்கிவிங் முடிந்த கையோடு கடைகளில் கிறிஸ்துமஸ் சரக்கு நிறைந்துவிட, வகுப்பில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று மகள் கெஞ்சி ‘லிமிடெட் எடிஷன்’ (பண்டிகைக்காலத்துக்கு மட்டும் வரும்) சீரியல், அதாவது பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவுத் தானியம், இரண்டு வகை வாங்க வைத்திருக்கிறாள். ஒன்றில் சிவப்பும் பச்சையுமாக உருண்டைகள். இன்னொன்று குக்கி சுவை, நடுநடுவே பனிமனிதன் வடிவ மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய். முதல் நாளே இரண்டு கிண்ணம் காலி. பால் பச்சையாகிவிட்டது என்று குழந்தைக்கு ஒரே குஷி. மறுநாள் காலை மலமும் கரும்பச்சையாகப் போனதைப் பார்த்ததும் வீடே பதறியிருக்கிறது.

“நம்ம ஊரில் பஞ்சுமிட்டாயையே தடை பண்ணினார்கள், இதுவும் அதே விஷச் சாயம்தான்” என்கிறார் மாமியார். “பெட்டியிலேயே 12 வைட்டமின், மினரல் என்று போட்டிருக்கிறான், அரசு அனுமதித்த பொருள், சும்மா விடு” என்கிறார் கணவர். மூன்றாம் நாள் இரண்டாவது பெட்டியின் பின்பக்கத்தைப் படித்த வாசகி, அதில் ‘ஜெலட்டின்’ (விலங்குகளிலிருந்து எடுக்கும் ஒரு புரதம்) என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். குழந்தையை வாய் கொப்பளிக்கச் சொல்லி, தலைக்குக் குளிக்க வைத்து, சாமி முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். கணவரின் நண்பர் ஒருவர், இதற்கு வழக்குப் போட்டால் நல்ல தொகை கிடைக்கும் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

கேள்விகள் நான்கு: குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? ஜெலட்டின் உடம்பில் என்ன செய்யும்? வழக்குப் போட முடியுமா? மீதியுள்ள பெட்டிகளை என்ன செய்வது?

சகோதரி, நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டும்.

முதலில் உங்கள் மாமனார்

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று, இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு மாமனார் அந்தச் சிவப்புப் பச்சை உருண்டைச் சீரியலைச் சூடான பாலில் போட்டுச் சாப்பிட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு சுகர் இருக்கிறது. வெறும் வயிற்றில் பார்த்தால் 190-ஐத் தாண்டுகிறது. பயணக் களைப்பாக இருக்கும் என்கிறார்.

உங்கள் வீட்டில் இந்தப் பெட்டியால் இன்றைக்கு உண்மையிலேயே பாதிக்கப்படுகிறவர் அவர்தான். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் பெட்டியின் ஊட்டச்சத்துப் பட்டியல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு கப், அதாவது 38 கிராமில், மொத்த மாவுச்சத்து 33 கிராம். நார்ச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. அவர் எடுத்துக்கொள்ளும் பெரிய கிண்ணத்தில் இரண்டு கப் பிடிக்கும் என்று வையுங்கள். 66 கிராம். ஒரு கப் பாலில் இயல்பாகவே 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. மொத்தம் 78. ஏறக்குறைய ஆறேழு இட்லியை, அதுவும் சாப்பாடு முடிந்த பிறகு, படுக்கப்போகும் நேரத்தில் சாப்பிடுவதற்குச் சமம். இதில் பாதி சர்க்கரையாகவே உள்ளே போகிறது. மீதி, பொரிக்கப்பட்ட மாவு என்பதால் வேகமாகச் செரிக்கிறது.

இனிப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து கிளம்பி வந்தவருக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம்; காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் இடம் மாறியிருக்கலாம், ஒன்றிரண்டு வேளை விட்டும் போயிருக்கலாம். அங்கே தினமும் நடந்தவர், இங்கே குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பார். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்றிரவிலிருந்து அந்தக் கிண்ணம் வேண்டாம். “சாப்பிடாதீர்கள் மாமா” என்று நீங்கள் சொன்னால் மருமகள் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகிவிடக்கூடும். மகனைச் சொல்லச் சொல்லுங்கள். படுக்கும் முன் பசித்தால் சர்க்கரை சேர்க்காத பாலோ கொஞ்சம் சுண்டலோ போதும். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பார்வையாளர்களுக்கு எடுக்கும் காப்பீடு ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் ஒரு வாரத்து அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு, ஊரில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் வீடியோ அழைப்பில் பேசுங்கள். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அளவு 300-ஐத் தாண்டி அப்படியே நின்றாலோ, தாகமும் அடிக்கடி சிறுநீரும் அதிகமானாலோ, வாந்தி, மயக்கம் வந்தாலோ காப்பீட்டை யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

அந்தப் பச்சை நிறம்

பயப்பட ஒன்றுமில்லை. சீரியலில் போடும் சாயங்களில் ‘ப்ளூ 1’ என்ற நீலச் சாயம் குடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. உள்ளே போனது பெரும்பாலும் அப்படியே வெளியே வரும். வரும் வழியில் பித்தநீரின் மஞ்சளோடு சேர்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து, பிறகு சிரித்துக்கொள்வோம் இல்லையா, இதுவும் அதே கதைதான். ஓரிரு நாளில் நின்றுவிடும். உங்கள் கடிதத்தின்படி நின்றும்விட்டது.

இப்படிப் பயந்த முதல் அம்மா நீங்கள் இல்லை. அமெரிக்காவில் 1971-இல் ‘ஃபிராங்கன் பெர்ரி’ என்ற இளஞ்சிவப்புச் சீரியல் வந்தது. அடுத்த வருடமே, 12 வயதுப் பையன் ஒருவனுக்கு மலம் சிவப்பாகப் போகிறது, ரத்தமாக இருக்குமோ என்று மருத்துவமனையில் நான்கு நாள் வைத்துச் சோதித்தார்கள். பையன் நன்றாகத்தான் இருந்தான். கடைசியில் காரணம் காலைச் சீரியலின் சாயம் என்று தெரிந்தது. 1972-இல் குழந்தை மருத்துவ இதழான ‘பீடியாட்ரிக்ஸ்’ இதைப் பதிவு செய்திருக்கிறது. ‘ஃபிராங்கன் பெர்ரி மலம்’ என்றே மருத்துவத்தில் இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் எல்லா நிற மாற்றத்தையும் சாயத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். தார் போலக் கறுத்து ஒட்டினால் (இரும்புச்சத்து மருந்து எதுவும் கொடுக்காதபோது), சிவப்பான எதையும் சாப்பிடாமலே சிவப்பாகப் போனால், சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால், கூடவே காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் குழந்தை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சாயம்: மாமியார் சொல்வதில் எது சரி

பஞ்சுமிட்டாய் விஷயத்தில் அவர் சொல்வது நடந்ததுதான். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை செய்தன. ஆனால் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது ரோடமின்-பி. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் தொழிற்சாலைச் சாயம். உணவில் சேர்க்க எந்த அனுமதியும் கிடையாது. உங்கள் பெட்டியில் உள்ளவை ரெட் 40, எல்லோ 5, எல்லோ 6, ப்ளூ 1. இவை உணவுக்கு அனுமதிக்கப்பட்டவை; அமெரிக்காவில் இந்தச் சாயங்களின் ஒவ்வொரு தொகுதியையும் உணவு மருந்துத் துறை சோதித்துச் சான்று கொடுத்த பிறகுதான் பயன்படுத்தலாம். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு விஷயத்தையும் அவர் மனம் நோகாமல் சொல்லிப் பாருங்கள். எல்லோ 5 என்பது டார்ட்ராசின். எல்லோ 6 என்பது சன்செட் யெல்லோ. நம் ஊர்க் கடைகளில் விற்கும் கேசரிப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். ரவா கேசரிக்கும் கல்யாண ஜாங்கிரிக்கும் நிறம் கொடுப்பது இவைதான். பேத்தியின் கிண்ணத்தில் விஷமாகத் தெரிவது நம் பந்தியில் பல வருடமாக இலையில் இருக்கிறது.

அதற்காகச் சாயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று உங்கள் கணவர் பக்கம் சாயவும் என்னால் முடியாது. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கும் சாயக் கலவையும், கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் துறுதுறுப்பு சற்றுக் கூடியது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய ஆறு சாயங்களில் எதைப் போட்டாலும் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு வாசகம் கட்டாயமில்லை. ரெட் 3 என்ற வேறொரு சாயத்துக்கு மட்டும் 2025 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்திருக்கிறார்கள். உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அதே 2025-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தன் அமெரிக்கச் சீரியல்கள் எல்லாவற்றிலிருந்தும் செயற்கைச் சாயத்தை 2026 கோடைக்குள் எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. போன வருடப் பெட்டியில் இருந்தது இந்த வருடப் பெட்டியில் இருக்கும் என்று நினைக்க முடியாத காலம் இது. வாங்கும்போதெல்லாம் புதிதாகப் படியுங்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, சாயம் போட்ட தின்பண்டம் சாப்பிட்ட நாட்களில் தூக்கம், கவனம், எரிச்சல் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தவிர்த்துவிடுங்கள். மிகச் சிலருக்கு டார்ட்ராசினால் தோலில் தடிப்பும் அரிப்பும் வரலாம். இரண்டும் இல்லையென்றால், பண்டிகைக்கு ஒன்றிரண்டு முறை சாப்பிட்டதற்காக மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டதால்தான் குழந்தை ஆட்டம் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் பலர் நம்புவது இது. 1995-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. சர்க்கரையைக் குறைக்க வேறு காரணங்கள் இருக்கின்றன.

கணவர் சொல்லும் 12 வைட்டமின்

முன்பக்கத்தில் எழுதியிருப்பது பொய்யில்லை. சீரியலில் இரும்புச்சத்தும் பி வைட்டமின்களும் சேர்க்கிறார்கள். முட்டைகூடச் சாப்பிடாத குழந்தைக்கு இரும்பும் பி12-உம் கிடைப்பது நல்லதுதான், அந்த அளவில் உங்கள் கணவர் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் அதே சத்துகள் சேர்த்த, சர்க்கரை குறைந்த சாதாரணச் சீரியல்கள் அதே அலமாரியில் இருக்கின்றன. சாதாரண ‘சீரியோஸ்’ என்ற சீரியலில் 39 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை ஒரு கிராம்தான். உங்கள் பெட்டியில் 38 கிராமுக்கு 16 கிராம். எடையில் நூற்றுக்கு 42 பங்கு சர்க்கரை! வைட்டமினுக்காக இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

பட்டியலில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை 16 கிராம், 32%’ என்று இருப்பதைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்குதானே என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அந்த விழுக்காடு ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு. அமெரிக்க இதயச் சங்கம் இரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழ் இருக்கட்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு கப்பிலேயே 64% முடிந்துவிட்டது. அதுவும் அளந்து போட்ட ஒரு கப்பில். குழந்தை கையால் கொட்டும்போது ஒன்றரைக் கப் சாதாரணமாக விழும்: 24 கிராம், ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அன்றைய கணக்கு காலை எட்டு மணிக்கே முடிந்தது.

அரசு அனுமதித்த பொருள்தானே என்ற வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. அதே அரசு, பள்ளிகளில் கொடுக்கும் காலை உணவில் சீரியலுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூலை முதல், ஓர் அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, சேர்த்த சர்க்கரை 6 கிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் பெட்டியில் அதே அளவுக்குக் கிட்டத்தட்ட 12 கிராம் வருகிறது. கடையில் விற்கலாம், பள்ளிக் காலை உணவில் வைக்க முடியாது. இதைக் கணவரிடம் காட்டுங்கள், மேலே வாதம் வேண்டியிருக்காது.

இதை நம் வீட்டுக் கணக்கில் சொல்வதென்றால், இது கார்த்திகைப் பொரி. தானியத்தைப் பொரித்து இனிப்புப் பூசியது. தீபத்தன்று வெல்லப்பாகில் உருட்டிய பொரியை எல்லோரும் ஆசையாகச் சாப்பிடுகிறோம். அதைக் காலை உணவு என்று சொல்லி ஒரு மாதம் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பதில்லை. உங்கள் மகளின் பள்ளி நண்பர்களுக்கு டிசம்பரில் வரும் பொரி இது. பலகாரத் தட்டில் அதற்கு இடம் கொடுங்கள்.

ஜெலட்டின்

இந்தப் பகுதியை எழுதும்போது உங்களைவிட உங்கள் மகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பொறுத்தவரை பதில் சுலபம். ஜெலட்டின் என்பது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து, சில சமயம் மீனிலிருந்து எடுக்கும் புரதம். சாப்பிட்டால் மற்றப் புரதம் போலச் செரித்துப் போகும். விஷமில்லை, உள்ளே தங்காது, சுத்தம் செய்ய மருந்தும் தேவையில்லை. நீங்கள் கேட்ட ‘டீடாக்ஸ்’ பொடிகள் எதுவும் வேண்டாம்.

தவறு எங்கே நடந்தது என்றும் புரிகிறது. நம் ஊரில் பெட்டியைப் பார்த்ததும் கண் பச்சைப் புள்ளியைத் தேடும். சைவத்துக்கு ஒரு குறி, அசைவத்துக்கு ஒரு குறி என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது. வட்டத்துக்குள் ‘யு’ எழுத்து இருந்தால் சைவம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது யூதர்களின் உணவு முறைக்கான கோஷர் சான்று. கோஷர் முறையில் எடுத்த மீன் ஜெலட்டினும் அதற்குள் வரலாம். பலருக்கு உதவியான குறிதான், ஆனால் சைவச் சான்று இல்லை.

சீரியலில் சைவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. மார்ஷ்மெல்லோ கண்ணில் பட்டாலே முதலில் ஜெலட்டினைத் தேடுங்கள். மார்ஷ்மெல்லோ இல்லாத, சர்க்கரைப் பூச்சு மட்டும் உள்ள சில கோதுமைச் சீரியல்களிலும் அது இருக்கிறது. ‘இயற்கைச் சாயம்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் ‘கார்மைன்’ அல்லது ‘கொச்சினீல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பவை. 2011-லிருந்து அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அமெரிக்காவில் கட்டாயம். செயற்கைச் சாயங்கள் விடைபெறும் இந்த நேரத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டியிருக்கும். வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. பாலைப் போல எடுத்துக்கொள்ளும் சைவர்களே அதிகம், உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது.

இப்போது குழந்தை. அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்தது நீங்கள். அவள் சாப்பிட்டது பனிமனிதன் வடிவத்தில் ஒரு மிட்டாய். அதற்காக ஏழு வயதுப் பெண்ணைத் தலைக்குக் குளிக்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தது அவள் மனதில் என்னவாகப் பதிந்திருக்கும்? பள்ளியில் சாப்பிட்டதைக் கேட்டால் இப்போதெல்லாம் “ஒன்றுமில்லை” என்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஜெலட்டினைவிட அந்த “ஒன்றுமில்லை”தான் கவலையாக இருக்கிறது. நாளைக்கு ஒவ்வாமையோ வயிற்றுவலியோ வந்தால்கூட என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல மாட்டாள். “தெரியாமல் வாங்கியது அம்மா, உன் மேல் தப்பில்லை” என்று நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும். பாட்டியும் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது. பாட்டிக்கு மனம் ஆறவில்லையென்றால் பரிகாரத்தைப் பெரியவர்கள் தாங்களே செய்துகொள்ளட்டும்.

அப்புறம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ஆங்கிலம் உங்களைவிட வேகமாகப் படிக்க வரும். பெட்டியைத் திருப்பி ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடும் வேலையை அவளிடமே கொடுங்கள். வகுப்பு ஆசிரியைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: நாங்கள் சைவம், ஜெலட்டின் உள்ள மிட்டாய் வேண்டாம், விருந்து இருந்தால் முன்கூட்டிச் சொன்னால் அவளுக்கு மாற்று அனுப்பிவிடுகிறேன் என்று. ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு பை வாங்கி வையுங்கள். பனிமனிதனை அவளே செய்துகொள்வாள்.

வழக்குப் போடலாமா

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் லேபிளைப் பற்றித் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வேண்டாம். ஜெலட்டின் என்று உட்பொருள் பட்டியலில் அச்சிட்டிருக்கிறார்கள், நீங்களே படித்தும் இருக்கிறீர்கள். மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று குறிப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சைவம் என்று பெட்டியில் எங்கேயும் சொல்லவில்லை. மறைக்காத ஒன்றை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. எந்த விலங்கு என்று தெரிந்துகொள்ள விரும்பினால் பெட்டியில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை அழைத்துக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. பட்டியலில் இல்லாத ஒவ்வாமைப் பொருள் உள்ளே இருந்து குழந்தைக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கதையே வேறு. அப்போது பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு உணவு மருந்துத் துறையிடம் புகார் செய்ய வேண்டும்.

ஒவ்வாமை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பண்டிகைப் பதிப்புகளில் சுவை மாறும்போது பாதாம், வேர்க்கடலை, பால் பொடி போன்றவை புதிதாகச் சேரலாம். வழக்கமான பெட்டியில் இல்லையே என்று நம்ப வேண்டாம். உங்கள் மகளுக்கு ஒவ்வாமை இல்லை என்றாலும், வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

மீதியுள்ள பெட்டிகள்

மார்ஷ்மெல்லோ பெட்டி உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடப்போவதில்லை. பிரித்ததை அக்கம்பக்கத்தில் சாப்பிடுகிறவர்களிடம் கேட்டுக் கொடுங்கள். அதே வகையில் பிரிக்காத இன்னொரு பெட்டியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருந்தால் கடையில் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் உணவு வங்கிக்குக் கொடுக்கலாம்.

சிவப்புப் பச்சை உருண்டைப் பெட்டியை எறிய வேண்டியதில்லை. பட்டியலை நானும் பார்த்தேன், அதில் ஜெலட்டினும் இல்லை, கார்மைனும் இல்லை. பிடுங்கி ஒளித்து வைத்தால் அதன் மேல் ஆசைதான் கூடும். சனி, ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சீரியல் முக்கால் கப், இது கால் கப். சேர்த்த சர்க்கரை ஐந்து கிராமுக்குள் முடிந்துவிடும், பால் கொஞ்சம் பச்சையாகவும் ஆகும், அவளுக்கு வேண்டியது அதுதான். கப்பால் அளந்து போடுவதை அவளே செய்யட்டும். கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ஆப்பிளோ இருந்தால் பத்து மணிக்கே பசிக்காது. மற்ற நாட்களில் இட்லியோ உப்புமாவோ, சாப்பிட்ட பிறகு ஆசைக்கு நாலு உருண்டை கையில். பல் தேய்ப்பதை மட்டும் விடாதீர்கள். இந்த வகைச் சீரியல் பல் இடுக்கில் ஒட்டும்.

இனி கிடைக்காது, இப்போதே இன்னும் நாலு பெட்டி வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ‘லிமிடெட் எடிஷன்’ என்று எழுதுவதே அதற்காகத்தான். ‘கேப்டன் க்ரஞ்ச்’ என்ற சீரியலின் கிறிஸ்துமஸ் பதிப்பு 1980களின் கடைசியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஃபிராங்கன் பெர்ரி முன்பெல்லாம் வருடம் முழுக்கக் கிடைத்தது. 2010 முதல் ஹாலோவீன் நேரத்துக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகும் அது வருடாவருடம் வருகிறது. பெரும்பாலும் வருடம் முழுக்க விற்கும் அதே சரக்குதான், வண்ணமும் வடிவமும் மட்டும் வேறு. டிசம்பர் 26-க்குப் பிறகு இதே பெட்டிகள் பாதி விலைக்கும் வரும். அப்போதும் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. மகளின் அடுத்த வருடாந்தரப் பரிசோதனையில், முட்டையும் இல்லாத சைவம் என்பதை மருத்துவரிடம் சொல்லி, ஹீமோகுளோபினும் பி12-உம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். குறைவு இருந்தால் அவர் சொல்லும் மருந்தே போதும். மாமனார் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும், இரவுக் கிண்ணத்தை நிறுத்திய பிறகு ஒரு வாரம் வெறும் வயிற்றில் எடுத்த அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். உணவை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.